மங்கல் தாய் பேசினார், நான் விழுங்கினேன்

மைக் என் கையில் இருந்தது. இனிப் பேசுவது என் முறை.

என் இடப்பக்கத்தில் நின்ற நேபாளத்து மனிதர் நாலு வசனங்களைப் பேசி முடித்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தார். அவர் சொன்னதை நான் தமிழில் சொல்ல வேண்டும். எதிரே தார்ப்பாய் நிழலில் எழுபது, எண்பது பேர் இருந்தார்கள். பெண்கள் மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் கவிழ்த்து வைத்த வள்ளங்களில் சாய்ந்து நின்றார்கள். கடற்காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது. எங்கோ நெத்தலி காயும் மணம்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் ரியாஸைப் பார்த்தேன்.

அவன் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு தென்னையடியில் நின்றான். தொலைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அன்று காலைதான் என் வீட்டுக்கு வந்து, என் மனைவி ஊற்றிக் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போயிருந்தான்.



நேபாளி வந்த வழி

இந்தத் தொடரைப் படிக்கும் சிலாபத்து வாசகர் ஒருவர் முன்பு கேட்டிருந்தார், மன்னாரில் பிறந்து கற்பிட்டிக் கரையில் குடியேறிய சோனக முஸ்லிமுக்கு நேபாளி மொழி எப்படி வாய்த்தது என்று. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கட்டாரில் நான் பத்து வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். கட்டட வேலை செய்பவர்களின் கேம்பில் சப்பாத்து, கையுறை, தலைக்கவசம் எல்லாம் எடுத்துக் கொடுக்கிற வேலை. வந்து நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நேபாளிகள். முதலில் சப்பாத்து இலக்கங்களைப் படித்தேன். பிறகு கெட்ட வார்த்தைகள். அதற்குப் பிறகு, வீட்டில் யாராவது இறந்துவிட்டால் சொல்ல வேண்டிய வார்த்தைகள். அதோடு மொழி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால், அவர்களுடைய அறைக்குள் ஒரு தொலைபேசியை வெறும் சோற்றுப் பானைக்குள் வைத்திருப்பார்கள். பானைக்குள் வைத்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும். பாட்டு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது பேச்சு.

அவர்களுடைய நாட்டுத் தலைவர்களின் பேச்சு, சிந்தனையாளர்களின் பேச்சு. நம் பையன்கள் கிரிக்கெட்டுக்குச் சண்டை பிடிப்பதுபோல, எந்தப் பேச்சாளர் பெரியவர் என்று அவர்கள் சண்டை பிடிப்பார்கள். சிறையிலிருந்து வந்த ஒரு தலைவரின் குரல் ஒருவனுக்குப் பிடிக்கும். அரசியலமைப்பைக் குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கும் மலைநாட்டுப் பேராசிரியரை இன்னொருவனுக்குப் பிடிக்கும். அமைச்சர்களை மேடையில் வைத்தே கேள்வி கேட்கும் ஒரு பெண்ணின் பேச்சுக்கு எல்லோரும் விசிலடிப்பார்கள்.

தன் பகதூர் என்று ஒருவன் இருந்தான். உயரமான கட்டடங்களில் சாரம் கட்டுகிறவன். அவனுக்கு ஒரே ஒரு ஆள்தான். "மங்கல் தாய்."

நேபாளியில் 'தாய்' என்றால் அண்ணன். இதைக் கேட்டு எத்தனை நாள் சிரித்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

மங்கல் தாய் நேபாளத்தின் தெற்கே தராய்ச் சமவெளியில் பிறந்தவர். அவருடைய தகப்பனும் பாட்டனும் நிலச்சுவான்தாரிடம் அடிமைபோல ஏர் உழுதவர்கள். அவர் அமைச்சர் அல்லர், பட்டம் பெற்றவரும் அல்லர். முதல் ஐந்து நிமிடம் தனக்குத்தானே பேசுவதுபோல மெதுவாகப் பேசுவார். பிறகு ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். அந்த மௌனத்தில் பானையும் அமைதியாக இருக்கும். அறையில் பன்னிரண்டு பேரும் மூச்சு விடாமல் இருப்போம்.

"காணி கிடைத்தால் குரல் வரும் என்று காத்திருக்கிறீர்கள். என் தகப்பன் அப்படிக் காத்திருந்துதான் செத்தார். குரலை முதலில் எடுங்கள்" என்று ஒரு பேச்சில் சொன்னார். தன் பகதூர் தொலைபேசியை நிறுத்திவிட்டு, அந்த வசனத்தைத் தன் வாயால் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். ருசி பார்ப்பதுபோல இருந்தது.

கேம்பில் கூட்டம் கூடக் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரின் வாகனம் திடீரென்று வந்து நின்றது. யாரோ அவசரத்தில் பானையை மூடினார்கள். மூடிக்குள் இருந்தும் மங்கல் தாய் பேசிக்கொண்டேயிருந்தார். நான் பின்கதவால் வெளியே போய், ஸ்டோருக்குள் பூட்டிக்கொண்டு இருந்தேன்.

அடுத்த கிழமை தன் பகதூரைக் காணவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவனுடைய தலைக்கவசத்தைத் துடைத்து, புதிதாக வந்த ஒருவனுக்குக் கொடுத்தேன்.

காலையில் வந்த விருந்தாளி

ஊருக்குத் திரும்பி வந்து, குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்தில் ஒரு மரக்கறிச் சேகரிப்பு நிலையத்தில் எடை போடுகிறேன். வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். கட்டாரில் உழைத்துக் கட்டிய கல்வீடு. காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, அரசு தரும் பேர்மிட்டும் இல்லை. தொண்ணூறில் ஆயுதக்காரர்கள் மன்னாரை விட்டு விரட்டிய முஸ்லிம்கள் நாங்கள்; முகாமில் இருந்த எங்களுக்கு இந்த இடத்தைக் காட்டினார்கள், குந்தினோம். கையில் இருப்பது பழைய ஜீ.எஸ்., கிராம சேவகர், ஒருவர் எழுதித் தந்த கடிதம் மட்டும்தான்.

கொழும்பில் காணியில்லாதவர்களைப் பற்றி ஒரு மாநாடு நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் குழுக்குழுவாகக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். எங்கள் கரைக்கு வரப்போவது மங்கல் தாய் என்று பாத்துமா ராத்தா வந்து சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை.

பாத்துமா ராத்தா ஊருக்கே அக்கா, மீனவப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். கருவாடு போடுகிறவர். அந்த வருடம் கடற்கரையை வளைத்து ஒரு ஹோட்டலுக்காகக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். வள்ளம் இறக்குகிற இடத்துக்குப் போகும் பாதை வேலிக்குள் போய்விட்டது. ஆண்கள் எஞ்சினைத் தோளில் சுமந்து, இரண்டு மைல்கட்டைத் தூரம் சுற்றிப் போனார்கள்.

"அந்த மனுசனுக்கு இங்கிலீசும் வராதாம் தம்பி. இந்தக் கரையில அவர்ர பாஷை தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்" என்றார் ராத்தா.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. உடனே சரி சொல்லிவிட்டேன்.

கூட்டத்தன்று காலை ரியாஸ் வந்தான். முகாமில் எங்கள் பக்கத்துக் குடிசையில் பிறந்தவன், என் உம்மா தூக்கி வளர்த்த பிள்ளை, என்னை அண்ணன் முறையில் நானா என்பான். இப்போது ஹோட்டல்காரருக்குக் காணி வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறான். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நானா, நேபாளக்காரன் ஒருத்தன் வாறானாமே. நீங்கதான் கதைச்சுக் குடுக்கப் போறீங்களாம்."

"ஓம். ராத்தா கேட்டா. மாட்டன் எண்டு சொல்ல ஏலாது."

"சொல்லத் தேவையில்ல, போங்க. அவன் என்னத்தயும் கதைக்கட்டும். நாளைக்கு பிளேன் ஏறிடுவான். நீங்க இங்கதானே இருக்கப் போறீங்க?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"புதுசா பூசியிருக்கீங்க போல. வடிவா இருக்கு. உறுதி இன்னும் வரல்லயா?"

"இல்ல."

"வரும், வரும். பொறுமையா இருந்தா வரும்."

அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. ஸலாம் சொல்லிவிட்டுப் போனான். என் மனைவி பஸ்லியா அவன் குடித்த கோப்பையை இரண்டு தரம் கழுவினாள்.

"போகாதீங்க" என்றாள்.

"ராத்தாவுக்குச் சொல்லிட்டன்."

"அப்ப போங்க. வாயப் பாத்துக்கொள்ளுங்க."

அதட்டுகிறவனுக்குப் பதில் சொல்லலாம். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறவனுக்கு என்ன சொல்வது? பகல் சோறு இறங்கவில்லை.

நாலுக்கு ஒன்று

வேனிலிருந்து இறங்கியவர் ஒரு சின்ன மனிதர். அறுபது தாண்டியிருக்கும். றப்பர்ச் செருப்பு, மடித்துவிட்ட சட்டைக் கை. பானைக்குள்ளிருந்து கேட்ட அந்தக் குரல் இந்த உடம்பிலா இருந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருடைய பாஷையில் வணக்கம் சொல்லி, கட்டாரில் உங்களைச் சோற்றுப் பானைக்குள் கேட்டிருக்கிறேன் என்றேன்.

"பானைக்குள்ளா? வெந்துவிட்டேனா?" என்று சிரித்தார்.

முதல் பத்து நிமிடம் எல்லாம் நன்றாகப் போனது. அவர் ஊரைப் பற்றிச் சொன்னார், ஆற்றைப் பற்றிச் சொன்னார். நானும் சொன்னேன். பெண்கள் தலையசைத்தார்கள். பிறகு அவர் வேலியைப் பார்த்தார். நாங்கள் இருந்த இடத்திலிருந்து ஐம்பதடியில் அது ஓடியது. புதுக் கம்பி, வெயிலில் மின்னியது.

அவர் சொன்ன நாலு வசனங்கள் இவை.

"இந்த வேலியைப் போட்டவர் உங்களிடம் கேட்டாரா? அவர் கேட்காதபோது, உங்கள் பாதையில் நடப்பதற்கு நீங்கள் யாரிடம் கேட்க வேண்டும்? ஒருவர் போனால் திருடன் என்பார்கள், எல்லோரும் போனால் பாதை என்பார்கள். நாளை காலை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, குடும்பத்தோடு, ஒரு கல்லையும் தொடாமல், நடந்து போங்கள்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான் தொடக்கத்தில் சொன்ன இடம் இதுதான்.

ரியாஸின் தொலைபேசி என்னை நோக்கி இருந்தது. வீட்டுச் சுவரின் புதுப் பூச்சு கண்ணுக்குள் வந்தது. என் வாய் திறந்தது. வந்தது இது:

"உங்கட பிரச்சினைய உரிய அதிகாரிகளுக்கு முறையா எழுதிக் குடுக்கச் சொல்றார்."

இரண்டு பேர் கை தட்டினார்கள். ஒரு குழந்தை அழுதது.

மங்கல் தாய் போத்தலை மூடிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். நாற்பது வருடம் மேடையில் நின்றவர். எந்த வசனத்துக்குக் கூட்டம் எப்படி அசையும் என்று அவருக்குத் தெரியும். முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார்.

முன்வரிசையிலிருந்து பாத்துமா ராத்தா கேட்டார். "என்ன தம்பி, மனுசன் அவ்வளவு கதைச்சாரு. நீங்க இத்துணூண்டு சொல்றீங்க?"

சிலர் சிரித்தார்கள்.

டர் லாக்யோ?

மங்கல் தாய் என் பக்கம் சாய்ந்தார். "டர் லாக்யோ?" என்றார். பயம் பிடித்துவிட்டதா?

கோபமே இல்லை. காய்ச்சலா என்று கேட்பதுபோலக் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரி. இனி நான் சொல்வது யாரையும் பற்றி அல்ல, என்னைப் பற்றித்தான். அதைச் சொல்வாயா?"

"சொல்கிறேன்."

மொழிபெயர்ப்பவன் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும், 'அவர்' என்று சொன்னால் பேச்சு செத்துவிடும். கூட்டம் தொடங்க முன்பே அவர் கேட்டுக்கொண்டது அது. ஆகவே அவர் தன்னைப் பற்றிச் சொன்னதை நான் தமிழில் இப்படிச் சொன்னேன்:

"நான் பயந்தவன். இப்பயும் எனக்குப் பயமா இருக்கு."

காற்று ஒரு கணம் நின்றதுபோல இருந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். என் குரல் நடுங்கியது அவர்களுக்குக் கேட்டிருக்கும். மைக் அதைப் பெரிதாக்கி வேலிவரை கொண்டுபோனது.

அவர் தொடர்ந்தார். நான் ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன்.

"நான் முதல்முதலாகப் பேச எழும்பியபோது எங்கள் நிலச்சுவான்தார் முன்வரிசையில் இருந்தார். என் அம்மா அவருடைய வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தா. நான் பேசினால் அவவை விரட்டுவார் என்று எனக்குத் தெரியும். நான் பேசினேன். அவர் விரட்டினார். அந்த மழைக்காலம் முழுக்க ஆற்று மணலில் படுத்தோம். அம்மா என்னை மன்னித்தாவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பேசினால் ஒன்றும் நடக்காது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. நடக்கும். அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள், அல்லது தெரிந்துகொண்டு பேசாமல் இருங்கள். பயந்தவர் யாரையும் நான் குறைவாக நினைக்க மாட்டேன்."

எத்தனையோ பெரிய பேச்சுகளைப் பானைக்குள் கேட்டிருக்கிறேன். எதிலும் இப்படி ஒரு வசனம் இருக்கவில்லை.

பாத்துமா ராத்தா எழும்பி நின்றார். "எங்களுக்கும் பயந்தான்" என்றார். "எங்கட மூத்தவன் அந்த ஹோட்டல்லதான் வேல செய்றான். நான் இண்டைக்கு இங்க இருக்கிறது அவனுக்குத் தெரியா." இன்னொரு பெண், தன் மச்சான் சொல்லியும் கேட்காமல் வந்ததாகச் சொன்னாள். வள்ளத்தில் சாய்ந்திருந்த ஒருவர், இரவல் எஞ்சினைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம் என்றார். இவ்வளவு நாளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அவர்கள் பேசி முடித்தார்கள். மங்கல் தாய் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேனோ தெரியாது.

"கொஞ்சம் முந்தி இவர் நாலு வசனம் சொன்னார்" என்றேன். "நான் பயத்தில பிழையாச் சொல்லிட்டன். அவர் சொன்னது இதுதான்."

நாலையும் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. யாரும் கை தட்டவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

தென்னையடியைப் பார்த்தேன். ரியாஸ் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தான். அவசரமே இல்லை.

அவர் போனார், நான் இருந்தேன்

வேனில் ஏறும்போது மங்கல் தாய் என்னிடம் கேட்டார். "உன் காணிக்குக் காகிதம் இருக்கிறதா?"

"இல்லை."

அவர் ஏறிய காலை இறக்கினார். "அதை ஏன் முன்பே சொல்லவில்லை? நான் என் வசனத்தை மாற்றியிருக்க மாட்டேன். ஆனால் உன்னிடம் கேட்டிருப்பேன்."

என் தோளைப் பிடித்தார். சாரதி ஹோர்ன் அடித்தான். ரியாஸ் சொன்னது சரிதான், அவர் மறுநாள் விமானம் ஏறினார். பேச்சாளர்கள் வருவார்கள், போவார்கள். போகும் முன் திரும்பிப் பார்த்து இப்படிக் கேட்கிறவர்கள் குறைவு.

மறுநாள் காலை வலையோடு அறுபது பேர்வரை வேலி வாசலுக்கு நடந்தார்கள். நான் போகவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்று பீட்ரூட் மூட்டைகளை எடை போட்டேன். ஜீப் ஒன்று வேகமாகப் போனது. மூன்று மூட்டைகளைப் பிழையாக நிறுத்து, திரும்ப ஏற்றினேன். பகல் தாண்டித்தான் செய்தி வந்தது. பொலிஸ் வந்து பேசியிருக்கிறார்கள். யாருக்கும் அடி இல்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு, வள்ளம் ஒன்று போகக்கூடிய அகலத்தில் ஒரு பாதை விட்டார்கள். இன்றைக்கும் அது இருக்கிறது.

எனக்கு வந்தது ஒரு கடிதம். அரச காணியில் அனுமதியில்லாமல் இருப்பதாகவும், விசாரணைக்கு வரும்படியும். எங்கள் வரிசையில் இருபது வீடுகள். கடிதம் ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. யார் சொல்லி வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

பஸ்லியா அதை நின்றபடியே வாசித்தாள். "நான் சொன்னன்" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை ஒரு பையில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

விசாரணைக்கு இருவரும் போனோம். பாத்துமா ராத்தாவும் சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் வந்து விறாந்தையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. உள்ளே அதிகாரி கடதாசிகளைப் புரட்டினார். பிறகு சிங்களம் கலந்த தமிழில் கேட்டார்.

"அந்தக் கூட்டத்தில் கதைச்சது நீங்கதானா? இல்லாட்டி மொழிபெயர்த்தது மட்டுமா?"

தப்பிப் போக அவரே வழி விட்டார். மொழிபெயர்த்தேன் என்று சொன்னால் பொய்யும் இல்லை. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. பஸ்லியாவின் மூச்சு எனக்குக் கேட்டது.

"நான் கதைச்சன், சேர்" என்றேன்.

அவர் ஏதோ எழுதினார். விசாரணைக்கு இன்னொரு தவணை, அறிவிப்பு வரும், போங்கள் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் பஸ்லியா நெடுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"மன்னார விட்டுப் போகச் சொன்ன அண்டைக்கு, எங்கட வாப்பா அவங்களிட்ட ஒண்டே ஒண்டு கேக்க நினைச்சாராம். ஏன் எண்டு. கேக்கல்ல. மௌத்தாகும் வரைக்கும் அதயே சொல்லிக்கொண்டு இருந்தாரு. கேட்டிருந்தாலும் அனுப்பித்தான் இருப்பாங்க, ஆனா கேட்டிருக்கலாம் எண்டு."



அடுத்த தவணைக் கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி ஒழுங்கையில் கேட்கும்போதெல்லாம் நான் எழும்பாமல் கதிரையிலேயே இருந்துவிடுகிறேன். பஸ்லியாதான் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போகிறாள்.